வலமிருந்து இடம்

1. காலை வெட்டியது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு காலை வெட்டிவிட்டேன். பயப்பட வேண்டாம், எழுத்தின் கால்தான்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சின்ன அச்சாபீஸ் அது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். அதோடு பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாலு பக்கத்தில் ஒரு பத்திரிகையும் வந்துகொண்டிருந்தது. அதன் பெயரை விட்டுவிடுகிறேன், அதில் கவிதை எழுதியவர்களின் பிள்ளைகள் இன்னும் ஊரில் கௌரவமாக இருக்கிறார்கள். முதலாளி சிங்காரம்தான் ஆசிரியர், நிருபர், விளம்பரம் பிடிப்பவர் எல்லாம். காலால் மிதித்து அச்சடிக்கும் டிரெடில் மிஷினை ஓட்டியவர் காதர் அண்ணன். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் நான், பவுனம்மாள். மொத்த ஆபீஸும் இவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் அங்கே ஒரு நோட்டீஸ் பிரஸ்ஸில் ஒரு வருஷம் எழுத்துக் கோக்கப் பழகினேன். அந்த பிரஸ்ஸை மூடிவிட்டார்கள். அதன் பிறகு எங்கள் தெருப் பெண்களோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்தேன். கொட்டையின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, சோறு பிசைந்தால் எரியும். பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காதான் இந்த வேலையைச் சொன்னாள். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆறு மாதம் பார்ப்பேன், சரிப்பட்டால் இரு, இல்லாவிட்டால் ஊருக்குப் போய்விடு என்றார். ஊருக்குப் போவது என்றால் முந்திரிக்குப் போவது. அது எனக்குத் தெரியும், என் விரல்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

முதல் நாள் கொடுத்த வேலை, முந்தைய இதழ் குறுக்கெழுத்தின் விடைக் கட்டம். ஒரு பெட்டிக்குள் ஓர் ஈய எழுத்து என்ற அளவில்தான் கட்டம் இருந்தது. 'காடு' என்ற சொல் வந்தது. ஈய எழுத்துகள் கிடக்கும் கேஸில் 'கா' என்று ஒரே எழுத்து கிடையாது. 'க' தனி, பக்கத்தில் போடும் துணைக்கால் தனி. இரண்டும் சேர்ந்து ஒரு பெட்டிக்குள் நுழையவில்லை. நான் யோசிக்காமல் காலை அடுத்த பெட்டியில் போட்டேன். அதனால் 'டு' அதற்கும் அடுத்த பெட்டிக்குப் போனது. அங்கே கறுப்புக் கட்டை இருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பத்திரிகை வெளிவந்து மூன்றாம் நாள், அரியலூர் பஸ் கண்டக்டர் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். குறுக்கெழுத்து அமைக்கும் தர்மலிங்கம் சார் எழுதியிருந்தார். அவர் அரியலூர் ரயில்வே ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். சிமெண்ட் மூட்டைகளை எண்ணிய நேரம் போக, மீதி நேரத்தில் எழுத்துகளை எண்ணுவார். கடிதம் இப்படி இருந்தது: 'கம்பாசிட்டர் தம்பிக்கு, என் காட்டின் காலை வெட்டிப் பக்கத்து வீட்டில் வீசியிருக்கிறீர்கள். நாங்கள் தண்டவாளத்தில்கூட இப்படி நடக்க விடுவதில்லை.'

தம்பி இல்லை, தங்கச்சி என்று பதில் எழுதியிருக்கலாம். முதல் நாள் தப்பு தம்பியின் பேரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

2. கோ வேண்டாம் சார்

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். கால் உள்ள எழுத்து வந்தால், அந்தப் பெட்டிக்கு மட்டும் சின்ன சைஸ் டைப்பை எடுத்துப் போட்டேன். 'கா' நுழைந்தது. 'கோ' நுழையவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். ஆக மூன்று துண்டு. கவரில் ஒரு சீட்டு வைத்து அனுப்பினேன்: 'சார், கோ வேண்டாம் சார், பெட்டி கொள்ளவில்லை.'

அடுத்த புதிரில் பதினோரு இடத்தில் 'கோ' வந்தது. கோபம், கோணல், கோமாளி, கோடாலி என்று வரிசையாகப் போய்க் கோவணத்தில் முடிந்தது. கோவணத்தை மட்டும் முதலாளி மாற்றச் சொன்னார், பத்திரிகைக்கு மரியாதை உண்டு என்று. மற்றப் பத்து 'கோ'வையும் நான் ஊசிமுனையால் நெம்பி நெம்பி நுழைத்தேன். தர்மலிங்கம் சாரை அப்போது பார்த்தது கூட இல்லை, ஆனால் மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

அவருக்கு எங்கள் ஊரைச் சீண்டுவதிலும் ஒரு சுகம். ஒரு தடவை ஒரு குறிப்பு கொடுத்தார்: 'பெரம்பலூரில் இல்லாதது, மூன்றெழுத்து.' விடை 'ரயில்'. அரியலூர்க்காரர்களுக்கு ஸ்டேஷன் இருக்கிறது என்ற கர்வம் அப்போது மட்டுமல்ல, எப்போதும் உண்டு. ஆனால் அது கோடைக்காலம். எங்கள் ஊரிலிருந்து வந்த விடைகளில் பாதிப் பேர் 'தண்ணி' என்று எழுதியிருந்தார்கள். ரயிலின் முதல் எழுத்திலிருந்து கீழே இறங்கும் சொல் 'ரதம்'. தண்ணியைப் போட்டால் அது 'ததம்' ஆகிவிடும். ததம் என்றால் என்ன என்று ஒருவரும் கவலைப்படவில்லை, தண்ணியில் அவ்வளவு உறுதியாக இருந்தார்கள். முதலாளி இரண்டு விடையும் சரி என்று அறிவித்தார். தர்மலிங்கம் சார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அவருடைய பிடிவாதத்தில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். மற்றப் பத்திரிகைகளின் குறுக்கெழுத்துகளில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு, வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் வரும். இவருக்கு அது அறவே பிடிக்காது. சொல்லை அடக்கத் தெரியாதவன்தான் அதைத் திருப்பிப் போடுவான், தமிழ் இடமிருந்து வலமாக எழுதும் மொழி என்று எங்கள் பத்திரிகையிலேயே அரைப் பக்கம் எழுதியவர் அவர். அந்த அரைப் பக்கத்தை அடுக்கியதும் நான்தான்.

3. எதிர்ப்பக்கம் நின்றேன்

ஆறு மாதத்தில் ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஆவணி பிறந்து கல்யாணப் பத்திரிகைகள் குவிந்தன. முதலாளி என்னிடம், இந்த மாதம் ஒழுங்காகப் போனால் நிரந்தரம், இதழில் தப்பு வந்தால் அக்கா வீட்டில் பெட்டியைக் கட்டிக்கொள் என்று சிரிக்காமல் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை அவர்.

ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருக்கும், அச்சில்தான் நேராகும். கட்டத்தையும் அப்படித் திருப்பித்தான் அடுக்க வேண்டும். நான் எப்போதும் பெரிய மேஜையின் ஒரே பக்கத்தில் நின்று அடுக்குவேன். அந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் பார்க்கும்போது, மேல்வரிசை கீழே வரும், இடதும் வலதும் மாறாது. எதிர்ப்பக்கம் நின்றால் நேர்மாறு. மேல் மேலாகவே இருக்கும், இடதை வலதாக மாற்ற வேண்டும். அன்றைக்கு என் பக்கத்தை யாரோ வீட்டுக் கல்யாணம் அடைத்துக்கொண்டிருந்தது. நான் எதிர்ப்பக்கம் போனேன். மேல்வரிசையை மேலே வைத்தேன். இடது வலதை மாற்ற மறந்துபோனேன். தர்மலிங்கம் சார் வரைந்து அனுப்பிய படத்தில் இருந்தபடியே கறுப்புக் கட்டைகளையும் எண்களையும் அடுக்கிவிட்டு, இவ்வளவு சுலபமாக ஒரு நாளும் முடிந்ததில்லையே என்று வேறு நினைத்தேன்.

புரூஃபில் யாருக்கும் தெரியவில்லை. எண்கள் எல்லாம் நேராகப் படிக்கும்படிதான் இருந்தன, இருந்த இடம்தான் மாறியிருந்தது. காதர் அண்ணன் மை சீராக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். முதலாளி தன் தலையங்கத்தை மட்டும் பார்ப்பார். கட்டம் நாலாம் பக்கத்தில், குறிப்புகள் மூன்றாம் பக்கத்தில் வரும். மத்தியானத்துக்குள் நாலாம் பக்கம் முழுவதும் ஓடி முடிந்தது. மூன்றாம் பக்கம் சாயங்காலம் ஓட வேண்டும். மறுநாள் காலை தபாலில் சேர்த்தாக வேண்டும். எங்களுக்கென்று குறித்த தபால் நாள் அது, தவறினால் அந்த இதழே வீண்.

சாப்பிட்டுவிட்டு, நாலாம் பக்கம் அடித்ததில் வீணாய்ப்போன தாள் ஒன்றை எடுத்து, அடுக்கி வைத்திருந்த குறிப்புகளோடு புதிரைப் போட்டுப் பார்த்தேன். இடமிருந்து வலம், ஒன்று: 'மதுரைக்காரர்கள் ஆறு என்பார்கள், நாம் மணல் என்போம், இரண்டெழுத்து.' வைகை. ஒன்றாம் எண்ணைத் தேடினேன். அது வலது மூலையில் இருந்தது. அங்கே 'வை' என்று எழுதினேன். 'கை'யை எழுத இடமில்லை, அதற்கப்புறம் தாளின் ஓரம்தான். இடப்பக்கம்தான் ஒரு பெட்டி காலியாக இருந்தது. அதில் 'கை' என்று எழுதினேன். இடமிருந்து படித்தால் 'கைவை' என்று வந்தது. நான் கை வைத்த அழகு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

திரும்ப அடிக்கலாம் என்றால் தாள் இல்லை, திருச்சியிலிருந்து வர வேண்டும். முதலாளியிடம் சொல்லலாம் என்றால் அவர் சொன்ன பெட்டி ஞாபகம் வந்தது. விரல்களைப் பார்த்தேன். ஐந்து மாதத்தில் அவற்றில் புதுத் தோல் வந்திருந்தது.

4. காதர் அண்ணன் சொன்னது

காதர் அண்ணன் ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன தங்கச்சி, மூஞ்சி செத்துக் கெடக்கு என்று கேட்டார். நான் தாளைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் அவருக்குக் குற்றம் எது என்றே விளங்கவில்லை.

"வலப்பக்கத்துலேர்ந்து படிச்சா சரியாதானே வருது? சின்ன வயசுல பள்ளிவாசல்ல அசரத்து எங்களுக்குக் குரான் ஓதச் சொல்லிக் குடுத்ததே அப்படித்தான். அதுல என்னா கொற?"

அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பொறி தட்டியது. ஓடிப்போய் ஒவ்வொரு குறிப்பாகப் போட்டுப் பார்த்தேன். எண் இருக்கும் பெட்டியில் ஆரம்பித்து இடப்பக்கமாக எழுதினால் எல்லாச் சொல்லும் கச்சிதமாக உட்கார்ந்தன. மேலிருந்து கீழே வருபவற்றில் ஒன்றுகூட இடிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு தலைப்புதான்.

அதற்குப் புது எழுத்துகூடத் தேவைப்படவில்லை. 'இடமிருந்து வலம்' என்பதில் இருக்கும் எழுத்துகள்தான் 'வலமிருந்து இடம்' என்பதிலும் இருக்கின்றன. 'இட' இரண்டையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன், 'வல' இரண்டையும் இந்தப் பக்கம் வைத்தேன். ஒரு நிமிஷ வேலை. என் வாழ்நாளில் நான் அதைவிடச் சிக்கனமாக ஒரு தப்பைத் திருத்தியதில்லை.

ஆனால் மூன்றாம் பக்கம் ஓட ஆரம்பித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. தர்மலிங்கம் சார் எதை அரைப் பக்கம் திட்டி எழுதினாரோ, அதையே அவர் பெயர் போட்டு அவர் புதிருக்குச் செய்திருந்தேன். முதலாளிக்குத் தெரியாமல் போனாலும் அவருக்குத் தெரியாமல் போகாது. எப்படியும் அடுத்த பஸ்ஸில் கவர் வரும் என்று நினைத்தேன்.

5. கவர் வரவில்லை, ஆள் வந்தார்

கவர் வரவில்லை. அதற்கு முன்னால் வாசகர்கள் கடிதம் வர ஆரம்பித்தது. எங்கள் பத்திரிகைக்கு விடை வருமே தவிரக் கடிதம் வராது. பாடாலூரிலிருந்து ஒரு வாத்தியார், முதல் நாள் திட்டினேன், இரண்டாம் நாள் ரசித்தேன் என்று எழுதியிருந்தார். பூலாம்பாடியிலிருந்து ஒருவர், தலையைச் சுற்றி மூக்கைத் தொட வைத்துவிட்டீர்கள், இதுதான் புதிர் என்று எழுதியிருந்தார். ஓர் அம்மாள் மட்டும் கோபமாக எழுதியிருந்தார், தன் வீட்டுக்காரர் இரண்டு நாளாகக் கடைப் பலகைகளைக்கூட வலமிருந்து படிக்கிறார் என்று. முதலாளி ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்து மேஜையில் அடுக்கினார்.

எட்டாம் நாள் தர்மலிங்கம் சாரே வந்துவிட்டார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் மூன்று பென்சில். பத்திரிகையை உருட்டிக் கையில் பிடித்திருந்தார். முகத்தைப் பார்த்தால் சண்டைக்கு வந்தவர் மாதிரிதான் இருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்னால் முதலாளி அவரை உட்கார வைத்துக் கடிதங்களைக் கையில் கொடுத்துவிட்டார். அவர் எல்லாவற்றையும் படித்தார். பாடாலூர் வாத்தியார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு கம்பாசிட்டர் தம்பி எங்கே என்று கேட்டார்.

"தம்பி இல்லைங்க சார், இந்தப் பொண்ணுதான். ஆறு மாசம் பாக்குறேன்னு வச்சிருக்கேன். ஏன், எதாச்சும் தப்பு பண்ணிட்டாளா?" என்றார் முதலாளி.

தர்மலிங்கம் சார் என்னைப் பார்த்தார். நான் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தப்பெல்லாம் இல்ல. இந்த வாட்டி திருப்பிப் போடச் சொல்லி நான்தான் எழுதியிருந்தேன்," என்றார் அவர்.

எனக்கு உயிர் வந்தது. அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தில் அவரைக் கும்பிடலாம் போல இருந்தது. அதற்குள் முதலாளி ஆரம்பித்துவிட்டார். அதானே பார்த்தேன், இந்த மாதிரி யோசனை எல்லாம் உங்கள் மாதிரிப் படித்த மூளைக்குத்தான் வரும், எழுத்தை எடுத்து அடுக்குகிறவர்களுக்கு என்ன தெரியும் என்றார். தர்மலிங்கம் சார் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதுவரை எனக்கு வந்த நல்ல யோசனை அது ஒன்றுதான். அதையும் மூன்று பென்சில்காரர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அரியலூருக்கு பஸ் ஏறப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வேலை நிரந்தரம். எனக்கு அந்த வாய் இல்லை.

"மொதலாளி, சார் ஒண்ணும் எழுதலீங்க. கட்டம் திரும்பிப் போனது என் தப்பு. தலைப்ப மாத்துனது என் யோசன."

மிஷின் நின்றது. காதர் அண்ணன், ஓதுறதப் பத்திச் சொன்னது நானு, அதையும் சேர்த்துச் சொல்லும்மா என்றார்.

முதலாளி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏன் அன்றைக்கே தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டேங்க."

"இப்ப மட்டும் அனுப்ப மாட்டேனா?"

"அனுப்புங்க. ஆனா யோசன என்னுது."

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த பஸ்ஸில் ஜெயங்கொண்டம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். முதலாளி கடிதக் கட்டைக் கையில் எடுத்து எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார். இந்த ஆபீசில் தப்பு நடந்தால் ஒருவரும் வாயைத் திறந்ததில்லை, இன்றைக்கு ஒரே தப்புக்கு மூன்று பேர் போட்டி போடுகிறீர்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஆறு மாசம் இன்னையிலேர்ந்து திரும்ப ஆரம்பிக்குது. இனிமே கட்டம் மிஷினுக்குப் போறதுக்கு முன்னாடி, நீ உக்காந்து புதிரப் போட்டுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும்."

அந்த ஆறு மாதம் எப்போது முடிந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிரஸ்ஸை விற்கும் வரை அங்கேதான் இருந்தேன்.

6. பஸ் ஸ்டாண்டில்

அன்றைக்குச் சாயங்காலம் நான் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் தர்மலிங்கம் சார் அரியலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். எனக்குள் கோபம் போய்க் குற்ற உணர்ச்சி வந்திருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வேலைக்காக அந்த மனிதர் தன் கொள்கையையே விட்டுப் பொய் சொல்லியிருக்கிறார், நான் அவரை முதலாளி முன்னால் பொய்யராக்கிவிட்டேன் என்று தோன்றியது. கிட்டே போய், என்னைக் காப்பாற்றத்தானே அப்படிச் சொன்னீர்கள், புரியாமல் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் சார் என்றேன்.

பஸ் வந்துவிட்டது. அவர் படியில் கால் வைத்த பிறகுதான் திரும்பினார்.

"பாதி உங்களுக்காகத்தான்மா சொன்னேன். மீதிப் பாதி, அந்த லெட்டரெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு."

தப்பு செய்தால் ஒப்புக்கொள்ளுங்கள் என்று எல்லாப் பெரியவர்களும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் தப்பை ஒப்புக்கொண்டது நேர்மையால் இல்லை, என் பாராட்டு இன்னொருவருக்குப் போகிறதே என்ற எரிச்சலால். அதனால் நான் சொல்வது இவ்வளவுதான். நல்ல வேலை செய்தால், செய்தது நான்தான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்போது உங்கள் தப்பும் கூடவே வெளியே வரும், அது வந்தாலும் பரவாயில்லை. பாராட்டுக்கு ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷமாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதிர் போட்ட மனிதருக்கு அதுவரை ஒரு வாசகர்கூட ஒரு வரி எழுதியதில்லை என்பது அந்த பஸ் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் ஒரு தபால் கார்டு வாங்கினேன். 'கோவணம் வரைக்கும் எல்லாக் கோவும் நன்றாக இருந்தன சார்' என்று எழுதி, கீழே வாசகி பவுனம்மாள் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.